ரேவன்லாஃப்டில் மொக்கை ஜோக்: தடை போடலாமா?

பாதாளக்கரண்டி:
நான்தான் டிஎம், அதாவது எங்கள் டி&டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) ஆட்டத்தில் கதையை நடத்துபவர். இப்போது ஓட்டுவது ரேவன்லாஃப்ட் என்ற திகில் கதை. மூடுபனி, கோட்டை, ஸ்ட்ராட் என்கிற காட்டேரி என்று இரவு முழுக்க பயத்தை மெல்ல மெல்ல ஏற்றி வைத்தால், அந்தக் காட்டேரி வாயைத் திறக்கும் நேரம் பார்த்து ஒருத்தர் "அண்ணே, உங்க பல் டாக்டர் யாரு?" என்கிறார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள், காட்சி காலி. காமெடிதான் வேண்டும் என்றால் 1984லேயே டூன், பாரனோயா என்று அதற்கென்றே கேம்கள் வந்துவிட்டன, அங்கே போகட்டும். இங்கே ஜோக்குக்குத் தடை போடலாம் என்றிருக்கிறேன்.

ஆந்தைக்கரடி:
தடையா? டி&டியே பாதி கோமாளித்தனம்தானே. என் பேரில் இருக்கும் பிராணியும், இரும்பைத் துருவாக்கித் தின்னும் ரஸ்ட் மான்ஸ்டரும், இந்த கேமை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் வாங்கிய மலிவு பிளாஸ்டிக் பொம்மைகளைப் பார்த்துப் பிறந்தவை. லைட்னிங் போல்ட் என்ற மின்னல் மந்திரத்துக்கு என்ன பொருள் கேட்கிறார்கள் என்று பாருங்கள்: கொஞ்சம் மிருக ரோமம், ஒரு கண்ணாடிக் கோல். பள்ளிக்கூடத்தில் ஸ்கேலைத் தலையில் தேய்த்துப் பேப்பர் துண்டைத் தூக்கினோமே, அதே வித்தை! நீங்கள் ஓட்டும் ரேவன்லாஃப்டிலேயே, 1983ல் வந்த முதல் பதிப்பிலிருந்தே, கோட்டைக்குக் கீழே சர் கிளட்ஸ் (ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறுகிற ஆள் என்று அர்த்தம்) என்ற வீரனின் கல்லறை இருக்கிறது. தன் வாள் மேலேயே விழுந்து செத்தவர்.

பாதாளக்கரண்டி:
தெரியும். ஆனால் கிளட்ஸ் அந்த உலகத்து ஆள். பிளேயர்கள் சிரித்துக்கொண்டே அடுத்த கல்லறையைத் திறப்பார்கள், பயம் அங்கேயேதான் இருக்கும். பல் டாக்டர் அங்கே எப்படி வந்தார்?

இருபதுமுகம்:
நான் வெறும் பிளேயர், ஒன்று சொல்கிறேன். முக்கால்வாசி நேரம் பயம் வந்தால்தான் ஜோக்கடிப்போம், அதாவது உங்கள் காட்சி வேலை செய்கிறது. வாயை அடைத்தால் கேரக்டராகப் பேசுவதையே நிறுத்திவிடுவார்கள். ஸ்ட்ராடை விட்டே பதில் சொல்ல வையுங்களேன். "கடைசியாக வந்த வைத்தியர் இன்னும் கீழேதான் இருக்கிறார், பார்க்கிறாயா?" யார் சிரிக்கிறார்கள் பார்ப்போம்.

பாதாளக்கரண்டி:
நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் ஆள் "பார்க்கிறேன், டோக்கன் எத்தனை?" என்பார்.

ஆந்தைக்கரடி:
டோக்கனைக் கொடுத்து, தனியாகக் கீழே அனுப்புங்கள்.

பாதாளக்கரண்டி:
குழுவைப் பிரித்தால் மீதிப் பேர் போனை எடுத்துவிடுவார்கள். அதற்கு அந்த ஜோக்கே தேவலை.