பங்குனியில் மணப்பாட்டுக் கழிமுகமும் பக்கத்து ஊர்களும்: நாங்கள் கண்டவை

திசையன்விளையிலிருந்து:

நம் பக்கத்தில் பறவை பார்க்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் மார்கழி, தையோடு முடித்துக்கொண்டு, மாசி பிறந்ததும் பைனாகுலரை உறைக்குள் போட்டுவிடுகிறார்கள். நானும் பல வருடங்கள் அப்படித்தான் இருந்தேன். போன வருடம் பங்குனியின் மூன்றாவது வாரத்தில், உறவினர் ஒருவரைப் பார்க்க உடன்குடிக்குச் சென்று இரவு தங்க நேர்ந்தபோது, விடிவதற்குமுன் எழுந்து சும்மா இருக்க மனமில்லாமல் மணப்பாட்டுக்கு வண்டியைத் திருப்பினேன். அன்றைய காலை நான்கு மணி நேரத்தில் நான் கண்டதைச் சொல்லி, மற்றவர்களின் அனுபவத்தையும் கேட்கவே இதை எழுதுகிறேன்.

மணப்பாட்டைப் பார்க்காதவர்களுக்காகச் சில வார்த்தைகள். ஊருக்கு ஒரு பக்கம் கடல். மறுபக்கம் கருமேனியாற்றின் கழிமுகம். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் குன்றின்மேல் திருச்சிலுவைக் கோயில். கழிமுகத்தில் தண்ணீர் நிறைந்து நிற்கும் மாதங்களில் ஊர் ஏறத்தாழ ஒரு தீவுபோலவே தோன்றும். இப்போது தூத்துக்குடி மாவட்டத்தில் இருந்தாலும், 1986 வரை அது நம் திருநெல்வேலி மாவட்டமாகவே இருந்ததால், அங்கே போவதை வெளியூர்ப் பயணமாக நான் இன்னும் நினைப்பதில்லை.

மார்கழியில் அந்தச் சேற்றில் நிற்கும் உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் ஒன்றுபோலச் சாம்பலாக இருக்கும். புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாலும் இன்னது இதுதான் என்று துணிந்து சொல்ல முடியாமல் எத்தனையோ முறை எரிச்சலுடன் திரும்பியிருக்கிறேன். பங்குனியில் அதே பறவைகள் வேறு ஆடை உடுத்தியிருந்தன. மணல்நிற உப்புக்கொத்திகளின் மார்பில் செங்காவிப் பட்டை ஏறி, கண்ணைச் சுற்றிக் கறுப்பு படர்ந்திருந்தது. அலகின் நுனி கீழே வளைந்த உள்ளான்களில் சில முழுச் செங்கல் நிறத்துக்கு மாறியிருந்தன. சிலவற்றில் நிறம் திட்டுத் திட்டாகத்தான் ஏறியிருந்ததால், வெள்ளையடிக்க ஆரம்பித்துப் பாதியில் நின்றுபோன சுவர் நினைவுக்கு வந்தது. தையில் கண்ணுக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பொட்டு மட்டுமே வைத்திருந்த கடற்காகங்கள், தலை முழுவதும் பழுப்பு முக்காடு போட்டிருந்தன. இவை முட்டையிடப் போகும் சைபீரியாவிலும் நடு ஆசியாவிலும் கோடை குறுகியது என்பதால், அங்கே போய்ச் சேர்ந்ததும் காலம் கடத்தாமல் துணை தேட வேண்டும். ஆகவே அதற்கான கோலத்தை இவை பெரும்பாலும் நம் கரையிலேயே பூண்டுகொண்டு புறப்படுகின்றன.

இரை தேடுவதிலும் வேறுபாடு தெரிந்தது. கொசு உள்ளானின் எடை 25 முதல் 30 கிராம் வரைதான். முட்டையிடும் இடமோ வடதுருவத்தை ஒட்டிய வெற்று நிலம். தையில் அவ்வப்போது ஒற்றைக் காலில் நின்று கண்ணயரும் அந்தக் குருவியளவுப் பறவை, அன்று நான் கவனித்த ஒரு மணி நேரத்தில் ஒருமுறைகூடத் தலையை நிமிர்த்தவில்லை. தையல் மிஷினின் ஊசிபோலச் சேற்றைக் குத்திக்கொண்டே நகர்ந்தது. வழிப்பயணத்துக்கு வேண்டிய கொழுப்பை உடம்பில் ஏற்றிக்கொள்ளும் அவசரம் அது.

புறப்படுகிறவற்றையே பார்த்துக்கொண்டிருந்ததால், இங்கேயே இருக்கிறவற்றைத் தவறவிட இருந்தேன். கழிமுகத்தின் காய்ந்த உப்புத் தரையில் நடந்தபோது, எனக்கு முன்னால் ஒரு சிறிய உப்புக்கொத்தி இறக்கையை இழுத்துக்கொண்டு, அடிபட்டதுபோல் தரையில் புரண்டது. அது முட்டைகளிடமிருந்து என்னை விலக்க ஆடும் நாடகம் என்பது தெரிந்ததும் எடுத்த காலை அப்படியே நிறுத்திக் குனிந்து பார்த்தேன். ஒரு முழ தூரத்தில், மாட்டுக் குளம்பு பதிந்ததுபோன்ற ஒரு குழியில், மணல் நிறத்தில் கறுப்புக் கீறல்களோடு மூன்று முட்டைகள் இருந்தன. சுற்றிலும் உடைந்த சிப்பித் துண்டுகள். கண்ணை எடுத்துவிட்டு மறுபடி பார்த்தால் முட்டை எது, கல் எது என்று தேட வேண்டியிருந்தது. தென் தமிழகத்திலும் இலங்கையிலும் ஆண்டு முழுவதும் தங்கும் இந்த உப்புக்கொத்தியை, வடக்கிலிருந்து வரும் அதன் உறவிலிருந்து பிரித்துத் தனி இனமாகக் கருத வேண்டும் என்ற ஆய்வு 2023-இல் வெளியான பிறகு, இதை அனுமனின் பெயரால் அழைக்கிறார்கள்.

நான் வெகுதூரம் பின்வாங்கி, கரையில் ஏற்றிவைத்திருந்த ஒரு வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்தேன். வெயில் ஏறியதும் தாய்ப்பறவை ஓடிப்போய்த் தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டைகளின்மேல் அமர்ந்தது. அடைகாப்பது என்றால் சூடு கொடுப்பது என்றே நினைத்திருந்த எனக்கு, நம் ஊர் வெயிலில் அது குளிரவைக்கிற வேலையாகவும் ஆகிறது என்பது அன்றுதான் புரிந்தது. வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "என்ன அண்ணாச்சி, வெறுந்தரையையே பாத்துக்கிட்டு இருக்கீங்க?" என்று கேட்டார். கையைக் காட்டிச் சொன்னதும், "அதுவா, நாங்க கால் பாத்துத்தான் வைப்போம்" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். அவருக்கு இருந்த அந்தக் கவனம், பத்து மணிவாக்கில் படம் எடுப்பதற்காக ஜீப்பை அதே உப்புத் தரையில் வட்டமடித்து ஓட்டிய இளைஞர்களுக்கு இல்லை. சக்கரத் தடம் குழியிலிருந்து நான்கைந்து அடி தள்ளிப் போனது முட்டைகளின் அதிர்ஷ்டம்.

மூலைக்கரைப்பட்டியிலிருந்து:

அண்ணன் எழுதியதை வாசித்தபோது கூந்தன்குளம் நினைவுக்கு வந்தது. அது என் அம்மா பிறந்த ஊர். அங்கே பங்குனியில் இரண்டு கூட்டமும் ஒரே நேரத்தில் கண்ணில் படும். மாலையில் வயல் பக்கம் மேயப் போகும் வரித்தலை வாத்துகள் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வரும். இமயமலையைத் தாண்டும்போது 7,000 மீட்டருக்கு மேலான உயரத்தில் இந்த வாத்துகள் பறந்ததைக் கருவி பொருத்திப் பதிவு செய்திருக்கிறார்கள். அதே வேளையில் தெருவிலிருக்கும் வேப்ப மரங்களிலும் வீட்டுக் கொல்லைகளிலும் கூழைக்கடாக்களும் சங்குவளை நாரைகளும் குஞ்சுகளோடு இருக்கும். 1994-இல் அரசு இதைச் சரணாலயமாக அறிவிப்பதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதை விட்டிருந்தார்கள்.

வெளியூர்க்காரர்கள் இதை அழகாகச் சொல்வார்கள். அந்த மரத்தடியில் குடியிருப்பது அவ்வளவு அழகானது அல்ல. முற்றத்தில் துணி காயப்போட முடியாது, மீன் வாடை சோற்றுப் பானை வரைக்கும் வரும். என் ஆச்சி தினமும் காலையில் முற்றத்தைக் கழுவிக்கொண்டே பறவைகளை வைதுகொண்டிருப்பாள். ஆனால் காற்றடித்து ஒரு நாரைக் குஞ்சு கீழே விழுந்தபோது, அதைக் கூடையால் மூடிவைத்துவிட்டு, "ஏட்டி, போய் யாரையாவது கூட்டிட்டு வா, நாய் தூக்கிரும்" என்று என்னை விரட்டியவளும் அவளே. எச்சம் கலந்த குளத்து வண்டல் வயலுக்கு நல்ல உரம் என்பதையும் மறக்காமல் சொல்லிவிட வேண்டும். வசவுக்கு நடுவே ஆச்சியும் அதை ஒப்புக்கொள்வாள்.

கூடுதாழையிலிருந்து:

நான் பறவை ஆள் இல்லை, கடல் ஆள். இருந்தாலும் பங்குனி என்றதும் எங்கள் கரையில் முதலில் நினைவுக்கு வருவது பங்குனி ஆமை என்பதால் எழுதுகிறேன். மூன்று வருடங்களுக்கு முன், இரவு இரண்டு மணிக்குக் கடலுக்குப் புறப்படும் நேரத்தில், வள்ளங்களுக்கு நடுவே ஒன்று மேலேறி வந்து குழி தோண்டிக்கொண்டிருந்தது. பின்கால்களால் ஒரு கை மணலை அள்ளி, சிந்தாமல் ஓரத்தில் வைத்துவிட்டு, மற்றக் காலால் அடுத்த கை மணலை அள்ளியது; அகப்பை பிடித்த கைபோல அவ்வளவு பதவிசு. முட்டையிட்டு மூடிய பிறகு, உடம்பை இடமும் வலமுமாகத் தூக்கித் தூக்கிப் போட்டு மணலை இடித்து இறுக்கியது. அந்தச் சத்தம் என் காலடியில் அதிர்ந்தது. கண்ணிலிருந்து நீர் வழிந்ததைப் பார்த்து எங்கள் ஆள் ஒருவன் அது அழுகிறது என்றான். உடம்பிலுள்ள மிகை உப்பை அது கண்ணோரச் சுரப்பி வழியாக அப்படித்தான் வெளியேற்றுகிறது.

என் தாத்தா காலத்தில் இந்தக் கடற்கரை ஊர்களில் ஆமைக்கறி தின்றவர்கள் உண்டு. அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. இன்று வலையில் ஆமை சிக்கினால், வலை கிழிந்தாலும் அறுத்து விட்டுவிடுகிறோம். சட்டம் ஒரு காரணம். அன்று இரவு அது குழி தோண்டியதை நின்று பார்த்தது எனக்கு இன்னொரு காரணம்.

திசையன்விளையிலிருந்து மீண்டும்:

முட்டைகள் என்ன ஆயின என்று இருவர் கேட்டிருந்தார்கள். சித்திரை முதல் வாரத்தில் மறுபடியும் போனேன். வடக்கே போகிறவை பெரும்பாலும் போய்விட்டன. நிறம் ஏறாத சில இளம் பறவைகள் மட்டும் சேற்றில் நின்றன. குழி காலியாக இருந்தது. நரியோ காகமோ கொண்டுபோயிருக்கும் என்று எண்ணித் திரும்பும்போது, பழைய நாடகம் மறுபடியும் என் முன்னால் அரங்கேறியது. அசையாமல் நின்று தேடியதில், கடல் ஒதுக்கிய ஒரு ரப்பர் செருப்பின் நிழலில், சோளப்பொரி அளவில் ஒரு குஞ்சு தரையோடு தரையாகப் படுத்திருந்தது. செருப்பை எடுக்காமல் வந்துவிட்டேன்.