‘பாட்டி 90’ குழுவில்: அருண் பைக்கில் வருகிறானாம்

செவ்வாய், இரவு 8:04

ராஜம் அத்தை: அம்மாவின் தொண்ணூறாவது பிறந்தநாளுக்கு அருண் பைக்கில் வரப்போகிறானாம். தினேஷ் இப்போதுதான் வாய் தவறிச் சொன்னான். விஜயா, உனக்குத் தெரியுமா?

விஜயா சித்தி: என்னது

விஜயா சித்தி: அருண்???

தினேஷ்: அம்மா, உன்னிடம் மட்டும்தானே சொன்னேன்

ராஜம் அத்தை: பத்து பேருக்குத் தனித்தனியாகப் போன் போட்டுக் கேட்கவா. குழுவில் கேட்டேன். தப்பா

அருண்: இன்னும் முடிவு செய்யவில்லை. ரயிலிலும் இடமில்லை, பஸ்ஸிலும் இடமில்லை. அதனால் யோசித்தேன். அவ்வளவுதான்.

விஜயா சித்தி: 540 கிலோமீட்டர்!

அருண்: அதெல்லாம் ஒரு தூரமா அம்மா

முரளி சித்தப்பா: தூரம்தான்.

தினேஷ்: கணேசன் மாமா டைப் செய்துகொண்டிருக்கிறார். எல்லோரும் சாய்ந்து உட்காருங்கள்

நான்: அதற்குள் ஒன்று கேட்டுவிடுகிறேன். பழைய கறுப்பு ஆல்பம் யாரிடம் இருக்கிறது? பாட்டி படங்களை ஸ்கேன் செய்யக் கொடுக்கவேண்டும்.

ராஜம் அத்தை: விஜயாவிடம்.

விஜயா சித்தி: என்னிடம் இல்லை அண்ணி. போன தடவையே சொன்னேன்.

ராஜம் அத்தை: சரி.

கணேசன் சித்தப்பா: அருண், ‘அதெல்லாம் ஒரு தூரமா’ என்று கேட்கிறாயே, பைக்கில் நீண்ட தூரம் என்றால் எது என்று முதலில் தெரிந்துகொள். அமெரிக்காவில் அயர்ன் பட் அசோசியேஷன் என்று ஒரு சங்கம் இருக்கிறது. 24 மணி நேரத்துக்குள் 1,000 மைல், அதாவது 1,609 கிலோமீட்டர் ஓட்டிக் காட்டினால்தான் உறுப்பினர். அந்தச் சவாரிக்கு சேடில்சோர் 1000 என்று பெயர். வாயால் சொன்னால் நம்பமாட்டார்கள். பெட்ரோல் போட்ட ரசீது ஒன்று விடாமல் வேண்டும், அதில் நேரமும் இடமும் அச்சாகியிருக்கவேண்டும், ஓடோமீட்டர் கணக்கு எழுதியிருக்கவேண்டும், சாட்சிக் கையெழுத்துக்கூட வாங்குவது உண்டு. அதற்கு மேல் பன் பர்னர், 36 மணி நேரத்தில் 1,500 மைல். அதற்கும் மேல் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை 11 நாள் ரேலி. முன்னணியில் வருகிறவர்கள் 11,000 மைல், 12,000 மைல் என்று ஓட்டுகிறார்கள். இதெல்லாம்தான் தூரம்.

ராஜம் அத்தை: அயர்ன் என்றால் இரும்பு. பட் என்றால்?

தினேஷ்: அம்மா வேண்டாம்

முரளி சித்தப்பா: உட்காருகிற இடம்.

ராஜம் அத்தை: சீ

அருண்: அப்படியானால் என் 540 அவர்கள் கணக்கில் மூன்றில் ஒரு பங்கு. நீண்ட பயணமே இல்லை. நன்றி சித்தப்பா.

விஜயா சித்தி: கணேசன் தம்பி, நீங்கள் அவனைத் தடுக்கிறீர்களா, கிளப்பி விடுகிறீர்களா?

கணேசன் சித்தப்பா: அண்ணி, முழுதாகச் சொல்ல விடுங்கள். 1,609-ஐ 24-ஆல் வகுத்தால் மணிக்கு 67 கிலோமீட்டர். இதில் பெட்ரோல் போடுவது, சாப்பிடுவது, கண்ணை மூடுவது எல்லாம் அடக்கம். அப்படியென்றால் வண்டி ஓடும் நேரத்தில் சராசரி 80, 90 இருக்கவேண்டும். அதற்கு நேரான நெடுஞ்சாலை வேண்டும். மலைப்பாதையில் 200 கிலோமீட்டர் வளைந்து வளைந்து போனால் அன்றைக்கு அதுதான் நீண்ட பயணம். ஆகவே தூரத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது என்பது என் கருத்து.

தினேஷ்: மேலே ‘இதெல்லாம்தான் தூரம்’ என்று எழுதியதும் நீங்கள்தான் மாமா

தினேஷ்: இன்னொன்று கிடைத்தது. எமிலியோ ஸ்காட்டோ, அர்ஜென்டினா. 1985 ஜனவரியில் கிளம்பி 1995 ஏப்ரலில் முடித்திருக்கிறார். 7,35,000 கிலோமீட்டர். கின்னஸ் சாதனை. ஹோண்டா கோல்ட் விங்.

ராஜம் அத்தை: பத்து வருஷமா? வீட்டில் யாரும் தேடவில்லையா?

முரளி சித்தப்பா: நாம் கணேசனை நான்கே நாளில் தேடிவிட்டோம்.

தினேஷ்: ஆகா. கணேசன் மாமா பெரிய மாமாவின் வண்டியைக் கேட்காமல் எடுத்துப்போன 1986 கதை வந்துவிட்டது

அருண்: இன்னும் வரவில்லையே என்று பார்த்தேன்

கணேசன் சித்தப்பா: சிரியுங்கள். பத்தொன்பது வயதில், போன் இல்லாத காலத்தில், டூ ஸ்ட்ரோக் வண்டியில், மேப் இல்லாமல் 1,100 கிலோமீட்டர். ஸ்பார்க் பிளக்கில் கரி பிடித்து மூன்று இடத்தில் நின்றது. மூன்றாவது தடவை கழற்றியபோது விரல் சுட்டுக் கொப்புளம். உப்புத்தாள் கூடக் கையில் இல்லை, தீப்பெட்டியின் உரசும் பக்கத்தில் தேய்த்து மாட்டினேன். வண்டி எடுத்தது.

நான்: இந்தத் தீப்பெட்டி போன வருஷக் கதையில் இல்லையே சித்தப்பா

அப்பா: மீட்டர் கேபிள் அறுந்திருந்தது.

நான்: அப்பா! நீங்கள் இங்கே இருக்கிறீர்களா?

அப்பா: நீ எடுத்துப் போவதற்கு ஒரு மாதம் முன்னாலேயே அறுந்துவிட்டது. 1,100 என்று யார் சொன்னது உனக்கு?

தினேஷ்: 😮

கணேசன் சித்தப்பா: பெட்ரோல் கணக்கு வைத்திருந்தேன் அண்ணா. 28 லிட்டர் போட்டேன்.

தினேஷ்: மாமா, அந்த வண்டி லிட்டருக்கு 30 கொடுக்கும் என்று போன பொங்கலுக்கு நீங்களே சொன்னீர்கள். 28 பெருக்கல் 30, 840.

கணேசன் சித்தப்பா: இறக்கத்தில் மிச்சம் பிடித்தேன். கியரிலேயே விட்டு ஆக்ஸிலரேட்டரைச் சுத்தமாக மூடிவிடுவேன். வண்டி தானாக இறங்கும்.

அப்பா: எவ்வளவு நேரம்?

கணேசன் சித்தப்பா: மலை முழுவதும்.

அப்பா: டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் பெட்ரோலோடு கலந்துதான் உள்ளே போகிறது. ஆக்ஸிலரேட்டரை மூடினால் ஆயில் ஏது? இன்ஜின் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால்தான் பிஸ்டன் ஜாம் ஆகியிருக்கிறது. இத்தனை வருஷமாக ஆயில் கலப்படம், ஆயில் கலப்படம் என்று அந்தக் கடைக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தாய்.

முரளி சித்தப்பா: பாவம் அந்த மனிதர். நானும் அவரிடம் சண்டைக்குப் போனேன்.

கணேசன் சித்தப்பா: எனக்கு அப்போது தெரியாது அண்ணா

அப்பா: அந்தச் செவ்வாய்க்கிழமை எனக்கு இன்டர்வியூ.

இரவு 8:41

ராஜம் அத்தை: நாற்காலி 40 போதுமா, 60 சொல்லவா?

விஜயா சித்தி: 60 அண்ணி

முரளி சித்தப்பா: 40 போதும். வருகிறவர்களில் பாதிப் பேர் நின்றுகொண்டேதான் பேசுவார்கள்.

ராஜம் அத்தை: 50 சொல்கிறேன்

நான்: அருண், எப்போது கிளம்புவதாக யோசனை?

அருண்: வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிந்து. எட்டு மணிக்குக் கிளம்பினால் விடியும்போது அங்கே. இரவில் வெயில் இல்லை, வண்டிகள் குறைவு, சனிக்கிழமை முழுதாகக் கையில் இருக்கும். பாட்டியோடு ஒரு நாள் கூடுதலாக இருக்கலாம் அக்கா.

நான்: அன்று எத்தனை மணிக்கு எழுந்திருப்பாய்?

அருண்: ஆறு. ஏன்?

நான்: ஆறு மணிக்கு எழுந்தால் இரவு பதினொன்றுக்குப் பதினேழு மணி நேரம் ஆகிவிடுகிறது. 1997-இல் ஓர் ஆய்வு வந்தது. தூங்காமல் 17 மணி நேரம் விழித்திருப்பவனின் கையும் கண்ணும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது ஏறியவனுடையதைப் போலத்தான் வேலை செய்கிறது என்று. 24 மணி நேரம் விழித்திருந்தால் 0.10. நீ வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போது 25 மணி நேரம் ஆகியிருக்கும்.

ராஜம் அத்தை: குடிக்கிறானா???

தினேஷ்: இல்லை அம்மா. மேலே இருந்து படி

நான்: நைட் ட்யூட்டி முடித்து ஸ்கூட்டரில் வரும்போது ஒருநாள் எங்கள் தெருமுனை சிக்னலில் பச்சை விழுந்து, மறுபடி சிவப்பு விழுந்து, மறுபடி பச்சை விழும்வரை நின்றிருக்கிறேன். கண் திறந்துதான் இருந்தது. பின்னால் நின்றவர் வந்து தோளைத் தட்டினார். நான் நின்ற இடத்தில் அப்படி ஆனது, அதனால் தப்பித்தேன். 80-இல் போகும்போது ஒரு விநாடிக்கு 22 மீட்டர். மூன்று விநாடி கண் சொக்கினால் 66 மீட்டர் யாருமே ஓட்டாத வண்டி.

விஜயா சித்தி: பவானி, இதை நீ தனியாக அவனிடம் சொல்லியிருக்கலாம். எனக்கு நெஞ்சு அடைக்கிறது

அருண்: டீ, காபி குடித்தால் தெளிந்துவிடுமே அக்கா

நான்: கொஞ்ச நேரம். அப்புறம் சேர்த்து வைத்து அமுக்கும். அதிலும் இரண்டிலிருந்து ஆறு மணி வரை உடம்பு உன் பேச்சைக் கேட்காது.

கணேசன் சித்தப்பா: பவானி சொல்வது சரி. அந்தச் சங்கத்துக்காரர்களே ஓட்டத் தெரிந்தவனைவிட நிறுத்தத் தெரிந்தவனைத்தான் மதிப்பார்கள். பல பேர் தூங்கி எழுந்து அதிகாலையில்தான் கிளம்புவார்கள். அருண், சனிக்கிழமை ஐந்து மணிக்குக் கிளம்பு. ஓடும் நேரத்தில் சராசரி 55 என்று வை, பத்து மணி நேரம். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பதினைந்து நிமிஷம் இறங்கி நட. எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு மணி நேரம். வெளிச்சம் இருக்கும்போதே வந்துவிடலாம். முதல் நாளே செயினுக்கு மசகெண்ணெய் அடித்துவிடு, டயரில் காற்றை வண்டி சூடாவதற்கு முன்னால் பார். காதுக்கு இயர் பிளக் வாங்கு. ஹெல்மெட்டுக்குள் காற்று போடுகிற இரைச்சல்தான் ஆளைச் சோர வைக்கும், நமக்கோ உட்கார்ந்து உட்கார்ந்து களைத்துவிட்டோம் என்று தோன்றும். தண்ணீரைத் தாகம் எடுப்பதற்கு முன்னால் குடி. இறுக்கமான ஜீன்ஸ் போடாதே, உள்தையல் தொடையை அறுத்துவிடும்.

தினேஷ்: கடைசி வரி அனுபவம் போலிருக்கிறது

கணேசன் சித்தப்பா: ஆமாம்

முரளி சித்தப்பா: என்னைக் கேட்டால் நான் போனதிலேயே நீண்ட பயணம் மொபெட்டில்தான். 90 கிலோமீட்டர். பின்னால் விஜயா, ஆறு மாதம். வழி முழுக்க மழை.

விஜயா சித்தி: 70

முரளி சித்தப்பா: 90

விஜயா சித்தி: 70தான். ஆனால் ஐந்து மணி நேரம். ஒரு கையால் உங்கள் இடுப்பு, ஒரு கையால் குடை. குடை எதிர்க்காற்றில் மடங்கிக் கம்பி வெளியே வந்துவிட்டது. நிறுத்துங்கள் என்று நான் கத்தியது உங்கள் காதில் விழவே இல்லை.

முரளி சித்தப்பா: விழுந்தது. நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது என்று பயம்.

விஜயா சித்தி: இதை இன்றைக்குத்தான் சொல்கிறீர்கள்

அருண்: அப்படியானால் பிறப்பதற்கு முன்னாலேயே நான் ஒரு லாங் ரைடு முடித்துவிட்டேன்

தினேஷ்: ரசீது இருக்கிறதா மாப்ள? சாட்சிக் கையெழுத்து?

விஜயா சித்தி: இதில் விளையாட்டு வேண்டாம். அவன் பைக்கில் வரவேண்டாம். முடிந்தது.

ராஜம் அத்தை: வரட்டுமே விஜயா. பகலில்தானே. நான் சைக்கிள் கேட்டதற்கே அப்பா மாட்டேன் என்றார். இவர்கள் மூன்று பேரும் வண்டி வண்டியாக ஓட்டினார்கள். நான் பின்சீட்டில் ஒரு பக்கமாக உட்கார்ந்தே காலம் போய்விட்டது.

நான்: அத்தை, 1916-இலேயே வான் பியூரன் என்று அக்கா தங்கை இரண்டு பேர் ஆளுக்கொரு இந்தியன் பைக்கில் அமெரிக்காவைக் குறுக்கே கடந்திருக்கிறார்கள். சுமார் 5,500 மைல், இரண்டு மாதம். பேன்ட் போட்டதற்காக வழியில் போலீஸ் பிடித்து வைத்ததாம்.

ராஜம் அத்தை: பிடிக்கும்

ராஜம் அத்தை: அப்புறம் விட்டார்களா?

நான்: விட்டார்கள். போய்ச் சேர்ந்தார்கள்.

தினேஷ்: அம்மா, நீயும் அருணோடு பின்சீட்டில் வந்துவிடு

ராஜம் அத்தை: போடா

நான்: அருண், எங்கள் வீடு உனக்கு 260-இல் வருகிறது. சனிக்கிழமை காலை கிளம்பி மதியம் இங்கே வந்துவிடு. ராத்திரி தூங்கு. ஞாயிறு விடிகாலையில் எங்கள் காருக்குப் பின்னாலேயே வரலாம். இல்லை, பைக்கை இங்கேயே விட்டுவிட்டுக் காரில் ஏறிக்கொள்.

அருண்: காரில் இடம் இருக்கிறதா?

நான்: ஸ்பீக்கர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டால் இருக்கிறது

அருண்: பாதியில் பைக்கை விட்டுவிட்டுக் காரில் வந்தால் கணேசன் சித்தப்பா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்

கணேசன் சித்தப்பா: சொல்லமாட்டேன். நான் வந்ததே லாரியில்தான்.

தினேஷ்: என்னது

கணேசன் சித்தப்பா: பிஸ்டன் போன பிறகு வண்டி எப்படி ஓடும்? கடைசி இருநூறு கிலோமீட்டர் லாரியில் ஏற்றித்தான் வந்தேன்.

தினேஷ்: 840-இல் இதைக் கழிக்கவா, வேண்டாமா?

ராஜம் அத்தை: சரி போதும். இந்தப் பைக் பேச்செல்லாம் அம்மா காதுக்குப் போகவேண்டாம். அருண் வந்து சேரும்வரை வாசலிலேயே உட்கார்ந்திருப்பாள்.

அப்பா: பக்கத்தில்தான் இருக்கிறாள். ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

கணேசன் சித்தப்பா: எல்லாவற்றையுமா?

அப்பா: எல்லாவற்றையும்.

இரவு 9:26

அப்பா: சாவியை எடுத்துக் கொடுத்ததே தான்தான் என்கிறாள்.

ராஜம் அத்தை: எந்தச் சாவி?

முரளி சித்தப்பா: 86 சாவியா?

இந்தச் செய்தி நீக்கப்பட்டது

நான்: அப்பா, என்ன அழித்தீர்கள்?

தினேஷ்: கணேசன் மாமா, உங்களுக்குத் தெரியும்தானே? இத்தனை நாள் திருட்டுப் பட்டத்தை வாங்கிக்கொண்டு சும்மா இருந்தீர்களா?

கணேசன் சித்தப்பா: அவள் சொல்லவேண்டாம் என்றாள்

அப்பா: சிரிக்கிறாள். ஒரு நாளில் திரும்பி வருவான் என்று நினைத்துக் கொடுத்தாளாம்.

அப்பா: அருண், கிளம்பும் முன் செயின் தொய்வை நான் சொன்ன மாதிரி பார். ஒரு விரலால் தூக்கினால் இரண்டரை, மூன்று சென்டிமீட்டர் ஆடலாம். உன் வண்டிப் புத்தகத்தில் வேறு அளவு போட்டிருந்தால் அதையே வை. கணேசன் சொல்லும் இயர் பிளக்கும் வாங்கு.

அருண்: சரி பெரியப்பா

விஜயா சித்தி: அப்படியானால் பைக்கில்தான் வருகிறானா? யார் முடிவு செய்தது?

அருண்: வெள்ளி ராத்திரி இல்லை அம்மா. சனிக்கிழமை காலை. அக்கா வீடு வரைக்கும். அதற்குமேல் அங்கே போய்ப் பார்க்கலாம். அநேகமாக.

விஜயா சித்தி: அநேகமாக என்றால்?

முரளி சித்தப்பா: அநேகமாக என்றால் அநேகமாக.

ராஜம் அத்தை: நாற்காலி 60 சொல்லிவிட்டேன். ஆல்பம்?