தில்லியில் ஒரே ஒரு திங்கட்கிழமை: பெற்றோருடன் எவற்றைப் பார்க்கலாம்?

கேள்வி

வணக்கம். வரும் பிப்ரவரியில் பெற்றோரை வடநாட்டுப் பயணம் அழைத்துச் செல்கிறேன். ஒரு திங்கட்கிழமை காலை ஏழு மணியளவில் புது தில்லி ரயில் நிலையத்தில் இறங்குகிறோம். அன்றிரவு பதினோரு மணிக்கு விமானம். செங்கோட்டை, ஜும்மா மசூதி, தேசிய அருங்காட்சியகம், இந்தியா கேட், ஹுமாயூன் கல்லறை, தாமரைக் கோயில், அக்ஷர்தாம், குதுப்மினார் ஆகிய அனைத்தையும் வாடகைக் காரில் சுற்றிப் பார்த்துவிட முடியுமா? அப்பாவுக்கு வரலாற்றில் மிகுந்த ஈடுபாடு உண்டு. அம்மாவுக்கு முழங்கால் வலி இருப்பதால் படிகள் ஏறுவது சிரமம். பெட்டிகளை எங்கே வைப்பது என்பதையும் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1

திங்கட்கிழமை என்பதாலேயே உங்கள் பட்டியல் பாதியாகிவிடுகிறது. செங்கோட்டை, தேசிய அருங்காட்சியகம், தாமரைக் கோயில், அக்ஷர்தாம் ஆகிய நான்குக்கும் அன்று விடுமுறை. குதுப்மினாரும் ஹுமாயூன் கல்லறையும் எல்லா நாட்களிலும் திறந்திருக்கும். அப்பாவின் ஈடுபாட்டை வைத்துப் பார்த்தால், இவ்விரண்டுக்கும் போதிய நேரம் ஒதுக்குவதே சிறந்தது என்பது என் உறுதியான எண்ணம். எட்டு இடங்களின் வாசலில் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு திரும்பினால், நாளின் பெரும்பகுதி போக்குவரத்து நெரிசலில்தான் கழியும்.

நிலையத்திலுள்ள பொருள் பாதுகாப்பு அறையில் பெட்டிகளை ஒப்படைத்துவிடுங்கள். பூட்டிய பெட்டிகளை மட்டுமே ஏற்பார்கள். பயணச்சீட்டையும் கையில் வைத்திருங்கள். அங்கிருந்து மெட்ரோவின் மஞ்சள் வழித்தடத்தில் ஏறினால், இடையில் மாறாமல் குதுப்மினார் நிலையத்தில் இறங்கலாம். நிலையத்திலிருந்து வளாகம் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவில் இருப்பதால், அம்மாவுக்காக ஆட்டோ அமர்த்திக்கொள்ளுங்கள்.

ஏறத்தாழ 73 மீட்டர் உயரமுள்ள அந்தக் கோபுரத்தைக் குத்புதீன் ஐபக் தொடங்கினார்; இல்துமிஷ் மேல்நிலைகளை எழுப்பினார்; 1369இல் இடி தாக்கியபின் பிரோஸ் ஷா துக்ளக் உச்சியைத் திருத்திக் கட்டினார். மேலிரு நிலைகளில் சிவப்புக் கல்லோடு வெண்பளிங்கும் சேர்ந்திருப்பதைக் கீழிருந்தே காணலாம். உள்ளே ஏற எவருக்கும் அனுமதியில்லை என்பதால், அம்மா எதையும் தவறவிட மாட்டார். அருகிலுள்ள மசூதியின் தூண்களை அப்பாவுக்குக் காட்டுங்கள். இடிக்கப்பட்ட கோயில்களிலிருந்து கொண்டுவரப்பட்ட அத்தூண்களில் மணியும் சங்கிலியும் செதுக்கப்பட்டிருப்பதை இன்றும் காணலாம். முற்றத்தில் நிற்கும் இரும்புத் தூண் ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் பழமையானது. ஆறு டன்னுக்கும் மேற்பட்ட எடை கொண்டது. அதன் இரும்பில் பாஸ்பரஸ் மிகுந்திருப்பதால் மேற்பரப்பில் ஒரு காப்புப் படலம் உருவாகித் துருவைத் தடுக்கிறது என்பதைக் கான்பூர் ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் ஆய்ந்து விளக்கியிருக்கிறார். இந்த வளாகத்துக்கு மூன்று மணி நேரம் கொடுங்கள்.

பின்னர் அதே வழித்தடத்தில் ஜோர்பாக் வரை திரும்பினால் லோதி தோட்டம் அருகிலேயே உள்ளது. நுழைவுக் கட்டணம் இல்லை. சையது, லோதி மரபு மன்னர்களின் கல்லறைகள் அங்குள்ள மரங்களுக்கிடையே நிற்கின்றன. மதிய ஓய்வுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் இவ்வழியில் இல்லை.

மறுமொழி 2

மேற்கண்ட திட்டம் நன்று. ஆயினும் ஷாஜகான் அமைத்த நகரான பழைய தில்லியைக் காணாமல் திரும்புவது எனக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை. கோட்டைக்குள் நுழைய முடியாவிட்டாலும் அதன் செந்நிற மதிலை வெளியே நின்று பார்க்கலாம். சாந்தினி சௌக் நிலையமும் அதே மஞ்சள் வழித்தடத்தில்தான் உள்ளது. 2021இல் சீரமைக்கப்பட்ட முதன்மைத் தெருவில் காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை மோட்டார் வாகனங்களுக்குத் தடை இருப்பதால், நடக்க இயலாதவர்கள் சைக்கிள் ரிக்‌ஷாவில் செல்லலாம். லோதி தோட்டத்தை விட்டுவிட்டு இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜும்மா மசூதியின் படிகள் உயரமானவை; தொழுகை நேரத்தில் பார்வையாளர்களை உள்ளே விடவும் மாட்டார்கள். ஆகவே அதைத் தெருவிலிருந்து பார்ப்பதே போதும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. வடக்கே போய்த் தெற்கே திரும்புவது அம்மாவுக்குச் சுமையாகும் என்று தோன்றுவதால், முதல் திட்டத்தையே பின்பற்ற எண்ணுகிறேன். ஹுமாயூன் கல்லறையில் படிகள் அதிகமா? அங்கிருந்து விமான நிலையம் செல்வது எப்படி?

மறுமொழி 1

கல்லறை உயர்ந்த மேடைமீது அமைந்திருப்பதால் படிகள் செங்குத்தாகவே இருக்கும். அம்மா கீழே தோட்டத்தில் அமர்ந்தே கட்டடம் முழுவதையும் காணலாம். பார்வையாளர் நுழைவது மேற்கு வாயில் வழியாக என்பதால், பிற்பகல் வெயில் நேரே எதிர்முகப்பில் விழும். மூன்றரை மணிக்கு அங்கிருந்தால் சிவப்பு மணற்கல்லும் பளிங்கும் தம் முழு நிறத்தில் தெரியும். தாஜ்மகாலுக்கு முன்னோடியான இதே இடத்தில்தான் 1857இல் கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா ஜாபர் பிடிபட்டார். அதை அப்பாவுக்கு நினைவூட்டுங்கள்.

ஐந்தரை மணிக்கு அங்கிருந்து புறப்பட்டு, ஆட்டோவில் இந்தியா கேட்டைக் கடந்து ரயில் நிலையத்துக்கே திரும்பிப் பெட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். நிலையத்தின் அஜ்மீரி கேட் பக்கத்திலிருந்து விமான நிலைய விரைவு மெட்ரோ புறப்படுகிறது. மூன்றாம் முனையத்துக்குச் சுமார் இருபது நிமிடங்கள் போதும். உங்கள் விமானம் முதல் முனையத்திலிருந்து கிளம்புவதானால் இந்த ரயில் அங்கே செல்லாது. எனவே சீட்டில் முனைய எண்ணை இப்போதே பார்த்துவிடுங்கள்.