கருப்பன் காட்டுக் குச்சியும் பானக டம்ளர் தவளையும்

வைகைக்கரையான்:

சித்திரா பௌர்ணமியன்று அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க ஊரே வரும். மறுநாள் வண்டியூர் தேனூர் மண்டபத்தில் நடப்பதற்கு அவ்வளவு நெரிசல் இருக்காது. எனக்கு அந்த மறுநாள்தான் பிடிக்கும்.

தங்கை கல்யாணத்துக்கு வந்தார், நேரமாகிவிட்டது, கோபித்துக்கொண்டு திரும்பினார் என்பது நம் வீட்டுப் பாட்டிகள் சொல்லும் கதை. கோயில் சொல்லும் கதை வேறு. தவத்தில் இருந்த சுதபஸ் முனிவர் துர்வாசர் வந்ததைக் கவனிக்கவில்லை. துர்வாசருக்குக் கேட்கவா வேண்டும், மண்டூகமாகப் போ என்று சபித்துவிட்டார். மண்டூகம் என்றால் தவளை. வைகையில் தவளையாகக் கிடந்தவருக்குச் சாபம் தீர்க்கத்தான் அழகர் 20 கிலோமீட்டர் தாண்டி வருகிறார். நாம் லட்சக்கணக்கில் கூடுகிறோம், ஆனால் அழைப்பிதழ் என்னவோ தவளைக்குத்தான்.

இரண்டு வருடம் முன்பு அங்கே நின்றிருந்தேன். மோட்சம் கொடுத்து முடிந்து கூட்டம் கலைந்துவிட்டது. தரையெல்லாம் சர்க்கரை, கற்பூரக் கரி, வாழையிலை, மிதிபட்ட விசிறி. மண்டபத்துக்குப் பக்கத்தில் குட்டைபோல் தேங்கிய தண்ணீரின் ஓரத்தில் பானகம் கொடுத்த பிளாஸ்டிக் டம்ளர்கள் குவிந்து கிடந்தன. அதில் ஒன்று மட்டும் ஆடியது. குனிந்து பார்த்தால் உள்ளே ஒரு தவளை. நிஜத் தவளை. அடியில் ஒட்டியிருந்த பானகத்தில் பின்கால் வழுக்கி வழுக்கி, ஏற முடியாமல், தொண்டை மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. முதுகில் ஓர் ஏலக்காய்த் தோல்.

பின்னால் நாதஸ்வரக்காரர்கள் உறையில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் டம்ளரைக் கவிழ்த்துவிட்டேன்.

பெரிய அற்புதமெல்லாம் இல்லை. ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை. சாமி, மனுஷன், மற்ற ஜீவன்கள், இதில் நாம் எங்கே நிற்கிறோம் என்று உங்களை யோசிக்க வைத்த சம்பவம் இருந்தால் எழுதுங்கள். சொற்பொழிவு வேண்டாம், நடந்ததைச் சொன்னால் போதும்.

மேலூர்ப் பக்கம்:

எங்கள் ஊர் மேலூருக்கு வடக்கே. பேர் வேண்டாம், ஏன் என்று கடைசியில் புரியும். ஊருக்கு வெளியே கருப்பன் காடு. மூன்று நான்கு ஏக்கர்தான். உசிலை, ஆத்தி, விராலி, சூரைமுள், அதன்மேல் பேர் தெரியாத கொடிகள். உச்சி வெயிலிலும் உள்ளே போனால் கண் பழகக் கொஞ்ச நேரம் ஆகும். செருப்பு போடக்கூடாது, இலை கிள்ளக்கூடாது, காற்றில் விழுந்த விறகைக்கூட வீட்டுக்குக் கொண்டுவரக்கூடாது. பொங்கல் வைக்கிற அன்று சுள்ளி பொறுக்கலாம், அதையும் அங்கேயே எரித்துவிட வேண்டும்.

ஆறாவது படிக்கும்போது காலாண்டு லீவில் ஆடு மேய்த்தேன். அடிக்கக் குச்சி இல்லை. காட்டு ஓரத்தில் விராலி நேர்நேராக நின்றது. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு ஒன்றை ஒடித்தேன்.

சாயங்காலம் ஆட்டைப் பட்டியில் அடைக்கும்போது அப்பத்தா என் கையைப் பார்த்தாள்.

"எங்கருந்துடா ஒடிச்ச?"

நான் வாயைத் திறக்கவில்லை. குச்சியை வாங்கி ஒடித்த முனையை முகர்ந்தாள். நகத்தால் பட்டையைச் சுரண்டினாள். பச்சை.

"எந்தச் செடியில ஒடிச்சியோ அதுக்கு அடியில வச்சுட்டு வா."

"நாளைக்குப் போறேன் அப்பத்தா."

"நீ ஒடிச்சது இன்னைக்குத்தானடா."

மூன்று கட்டை டார்ச்சைக் கையில் கொடுத்தாள். கூட வரவில்லை. வருவாள் என்று தெரு முக்கு வரை திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

காட்டுக்குள் வெறுங்காலோடு போனால் காது பெரிதாகிவிடும். சருகில் என் கால் படும் சத்தமே யாரோ பின்னால் வருவது போலிருந்தது. செடியைக் கண்டுபிடித்துக் குச்சியைச் சாத்திவிட்டு டார்ச்சைத் தூக்கினேன். உசிலைக் கிளையில் இரண்டு கண்கள். அடுப்பில் ஊதிவிட்ட கங்கு நிறம். இமைக்கவில்லை, ஓடவில்லை. நானும் ஓடவில்லை, கால் வந்தால்தானே ஓடுவதற்கு. பிறகு குழந்தைக் கை மாதிரி மெலிந்த ஒரு கை, பிடித்திருந்த கிளையை விட்டது. அவசரமே இல்லாமல் அடுத்த கிளையைத் தொட்டது, பிடித்தது. அப்புறம் அடுத்த கை. கண் மட்டும் என்மேல். டவுசரில் என்ன நடந்தது என்று சொல்ல மாட்டேன்.

"கருப்பன் பாத்துச்சு" என்று அப்பத்தாவிடம் சொன்னேன். "பாக்கத்தான் செய்யும்" என்று சோறு போட்டாள்.

அது தேவாங்கு என்று காலேஜ் போன பிறகுதான் தெரிந்தது. திண்டுக்கல், கரூர் மாவட்டக் காடுகளில் அதற்கென்றே 2022ல் கடவூர் சரணாலயம் அறிவித்தார்கள். ஆனாலும் என் பிள்ளைகளிடம் கருப்பன் பார்த்தான் என்றுதான் சொல்கிறேன். பொய் என்று தோன்றவில்லை. அந்த இடத்துக்காரர் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, எடுத்ததைத் திருப்பி வைத்தேன். இதில் எது பொய்?

இப்போது அசிங்கமான பகுதி. நாலைந்து வருடம் முன்பு கருப்பனுக்குக் கட்டடம் கட்டத் தலைக்கட்டுக்கு 5,000 ரூபாய் வரி போட்டார்கள். திருப்பூரில் உட்கார்ந்துகொண்டு போனிலேயே அனுப்பிவிட்டேன். என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊருக்குப் போய்ப் பார்த்தால் டைல்ஸ் தரை, தகரக் கொட்டகை, வண்டி நிறுத்தத் தனி இடம். ஏழு உசிலை மரம் இல்லை. நான் கண்ணைப் பார்த்த மரமும் அதில் ஒன்று. ஒரு குச்சிக்காக என்னை இருட்டில் அனுப்பியவள் அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தாள்.

அழகர்மலைக்கு அந்தப் பக்கம், நத்தம் வட்டம் காசம்பட்டியில் வீரணன் கோயில்காட்டை 2025ல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. 4.97 ஹெக்டேர், ஏறக்குறைய 12 ஏக்கர். செய்தியைப் படித்தபோது சந்தோஷமாக இருந்தது, கூடவே என் 5,000 ரூபாயும் ஞாபகம் வந்தது.

பொன்மேனிவாசி:

என்னுடையது மூன்று வரிதான். அம்மா அரிசி மாவில் கோலம் போடுவார். நான் கடையில் வாங்கும் கல்மாவு. மார்கழியில் ஒருநாள் போட்டு முடித்து நிமிர்கிறேன், ஓர் எறும்பு கோட்டின் ஓரத்துக்கு வந்து மீசையால் தொட்டுப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போனது. பந்தியில் உட்கார வைத்து வெறும் இலையைப் போட்டது போலக் கூச்சமாகிவிட்டது.

சும்மா ஒரு நாத்திகன்:

நான் சாமி கும்பிடாதவன். மேலூர்க்காரர் கோபிக்கக் கூடாது, பயம் காட்டிக் காப்பாற்றிய காடு பயம் போனதும் போய்விடும். உங்கள் கருப்பன் டைல்ஸைத் தடுக்கவில்லையே.

ஆனால் எனக்கும் ஒன்று நடந்தது. அரிட்டாபட்டிக்குப் பறவை பார்க்கப் போவேன். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக, பக்கத்து மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193.42 ஹெக்டேரை அறிவித்தார்கள். ஏழு குன்றுகள், சுனைகள், கண்மாய்கள், 250 வகை போலப் பறவைகள். லகர் வல்லூறுக்காகவே நான் போவது. அன்று அது வரவில்லை. வெயில் ஏறிவிட்டதால் கழிஞ்சமலைக் குகைத்தளத்துக்குள் ஒதுங்கினேன். மேலே புருவம் மாதிரி வெட்டிய பாறை, அதில் தமிழி, அதாவது தமிழின் பழைய எழுத்து, 2,000 வருடத்துக்கும் முந்தையது. யாருமில்லை. சமணத் துறவிகள் தங்கிய தளத்தில் நானும் மல்லாந்து படுத்தேன். கல் முதுகுக்கு ஜில்லென்று இருந்தது.

கழுத்தில் ஏதோ ஊர்ந்தது. கட்டெறும்பு. பட்டென்று அடித்தேன். நசுங்கி விரலில் ஒட்டிக்கொண்டது. அடித்த பிறகுதான் உறைத்தது. சமணத் துறவிகள் கையில் மயிற்பீலி வைத்திருப்பார்கள். உட்காரும் முன், படுக்கும் முன் அந்த இடத்தை மெல்லப் பெருக்கி எறும்பை ஒதுக்கிவிட்டுத்தான் உடம்பைச் சாய்ப்பார்கள். உலகத்தைப் படைத்த கடவுள் என்று ஒருவர் அவர்களுக்குக் கிடையாது. யாருக்கும் பயந்து பெருக்கவில்லை. என்னைப் போலவே படைத்தவன் இல்லை என்றவர்கள்தான், ஆனால் நான் அடித்துவிட்டேன்.

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அதற்கு மேல் அங்கே படுக்க மனசு வரவில்லை.

2024 நவம்பரில் அந்தப் பக்கத்தில் டங்ஸ்டன் சுரங்கம் என்று செய்தி வந்தபோது ஊர்வலத்தில் நானும் நடந்தேன். எனக்கு முன்னால் ஓர் அம்மா சாமி பாட்டு பாடிக்கொண்டு போனார், பின்னால் ஒருவர் கறுப்புச் சட்டை. 2025 ஜனவரி 23ல் அந்தச் சுரங்க ஏலத்தை ரத்து செய்தார்கள். அந்த அம்மா அது அவருடைய சாமி செய்தது என்றுதான் சொல்லியிருப்பார். நான் வாதாடியிருக்க மாட்டேன்.

மேலூர்ப் பக்கம்:

கோபமெல்லாம் இல்லை. கருப்பன் டைல்ஸைத் தடுக்கவில்லை என்பது சரிதான். அதற்கு அப்பத்தா மாதிரி ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.

கணக்கு டீச்சர்:

நான் வளர்ந்தது மதுரை நகருக்குள். கல்யாணமாகிப் போனது சிவகங்கை மாவட்டம், வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய ஊர். காரைக்குடி ரோட்டில் இங்கிருந்து 50 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. தலை தீபாவளி அம்மா வீட்டில் முடிந்தது. அடுத்த வருடம் அங்கே. காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வாசலுக்கு வந்தால் ஊரே கம்மென்று இருந்தது. ஏதோ துக்க வீடு போல. ஒரு வெடிச் சத்தம் இல்லை.

என் தம்பி கொடுத்துவிட்ட பட்டாசுப் பெட்டியை மாமியார் முதல் நாளே எடுத்துப் பரண்மேல் வைத்துவிட்டார். எனக்கு முகம் தொங்கிவிட்டது. "ஒரு சரமாவது வைக்கிறேனே அத்தை" என்றேன். அவர் நிதானமாக, "பிள்ளை பெற வந்த வீட்டுல வெடி போடுவாங்களா தாயி?" என்றார்.

கண்மாய்க்குக் கூட்டிக்கொண்டு போனார். நாற்றம் முதலில் வந்தது, மீனும் எச்சமும் கலந்த நாற்றம். அப்புறம் கருவேல மரங்கள், சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளையாக. நத்தைக்குத்தி நாரைகள். அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி விட்டு நிற்கும், பாக்குவெட்டி மாதிரி. ஒன்றையொன்று பார்த்து அலகைத் தட்டிக்கொள்ளும் சத்தம் தறி ஓடுவது போலக் கேட்டது. வருடாவருடம் மழைக்காலத்தில் வந்து கூடு கட்டி, குஞ்சு பொரித்து, பறக்கப் பழக்கிக் கூட்டிக்கொண்டு போகும். கோயில் காரணம் எதுவும் மாமியார் சொல்லவில்லை. மகள் பேறுகாலத்துக்கு வந்திருக்கிறாள், அவ்வளவுதான் அவர் கணக்கு. மழை பெய்யாமல் பறவை குறைந்த வருடங்களில், "இந்த வருசம் பிள்ளைகள் வரலையே" என்று திண்ணையில் பேச்சு ஓடும்.

வனத்துறைக்காரர்கள் தீபாவளிக்கு ஊருக்கு இனிப்பு கொடுப்பார்கள். பட்டாசுக்குப் பதில் லட்டு என்று நான் கேலி செய்வதுண்டு. போன வருடம் என் மகன் பள்ளியில் தீபாவளிக் கட்டுரையில் பட்டாசைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை, முழுக்க நாரைதான். டீச்சர் சிவப்பு மையில் கேள்விக்குறி போட்டிருந்தார். அந்த டீச்சர் நான் இல்லை!

ஆடி வீதிக்காரர்:

தவளை, தேவாங்கு, எறும்பு எல்லாம் வந்தாயிற்று. மீனாட்சி கோயிலுக்குத் தினம் போகிற நான் பொற்றாமரைக் குளத்தைச் சொல்லாமல் விடுவேனா?

மனைவி ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் சாயங்காலம் குளத்துப் படியில் உட்கார்ந்திருப்பேன். அந்தக் குளத்தில் மீன் இருக்காது என்பார்கள். திருவிளையாடலில் காரணம் இருக்கிறது. ஒரு நாரை இங்கே வந்து மீனைத் தொடாமல் பசியோடு தவம் கிடந்தது. இறைவன் வந்து என்ன வேண்டும் என்றார். முக்தி கேட்டது. கூடவே, இந்தக் குளத்தில் மீனே இல்லாமல் செய்துவிடு, பின்னால் வரும் என் இனம் அதைத் தின்று பாவம் சேர்த்துக்கொள்ளக் கூடாது என்றும் கேட்டது. நான் அத்தனை நாளும் என் வீட்டுக்கு மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த கட்டிலில் இருந்தவர் பேர்கூட எனக்குத் தெரியாது. மறுநாள் போய்க் கேட்டேன்.

அதே திருவிளையாடலில் தாயை இழந்த 12 பன்றிக்குட்டிகளுக்கு ஈசன் தாய்ப்பன்றியாக வந்து பால் கொடுப்பார். சின்ன வயதில் இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். இப்போது அந்தப் படலத்தில்தான் கண் கலங்குகிறது.

இன்னொன்று. மனிதர் இடம் எங்கே என்று கேட்டிருந்தீர்கள். மேலூர் பக்கத்துத் திருவாதவூரில் பிறந்த மாணிக்கவாசகர் சிவபுராணத்தில், தான் எடுத்த பிறவிகளை வரிசையாகச் சொல்வார். புல், பூடு, புழு, மரம், மிருகம், பறவை, பாம்பு, கல் என்று போகும். மனிதர் அதற்குப் பிறகு, உடனே அடுத்ததாகப் பேய். சிறுவயதிலிருந்து மனப்பாடமாக ஓதுகிறேன். நமக்கு ஒருபக்கம் கல், மறுபக்கம் பேய் என்பதை அறுபது வயதில்தான் கவனித்தேன்.

பொன்மேனிவாசி:

அய்யா, வீட்டில் அம்மா இப்போது நலமா?

ஆடி வீதிக்காரர்:

நலம். இதை எழுதும்போது பக்கத்திலிருந்து, நாரைக் கதையை நீட்டாதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கணக்கு டீச்சர்:

வைகைக்கரையான், எல்லோரையும் எழுத வைத்துவிட்டு நீங்கள் முடிக்கவில்லையே. டம்ளரைக் கவிழ்த்த பிறகு அந்தத் தவளை என்ன ஆயிற்று?

வைகைக்கரையான்:

குதித்தது டீச்சர். மண்டபத்துப் பக்கமா, தண்ணீர்ப் பக்கமா என்று பார்க்கவில்லை. குப்பை வண்டி வந்துவிட்டது, நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.