ஃபைபர் கேபிள் குளோஷருக்குள் (ஜாயிண்ட் பெட்டி) தண்ணீர் புகுந்தால் 1383 நானோமீட்டர் அலைநீளத்தில் லாஸ் (ஒளி இழப்பு) ஏறுமா?

கேபிள்செல்வம்: "மழைத்தண்ணி ஜாயிண்ட் குளோஷருக்குள்ள இறங்கினா 1383-ல வாட்டர் பீக் (அந்த அலைநீளத்துல லாஸ் எகிறி நிக்கிற மேடு) ஏறும், அதான் வீட்டு நெட் படுத்துருது"ன்னு நேத்து ஒரு பதிவு. பத்திக்கிட்டு வருது. அந்தப் பீக், கண்ணாடி தயாராகும்போதே உள்ள மாட்டிக்கிட்ட ஓஹெச்சால (ஹைட்ராக்சில்) வர்றது. பெட்டியில நிக்கிற தண்ணி, ஃபைபர் நடுவுல ஒளி ஓடுற கோருக்குள்ள எப்படிய்யா போகும்?

ஒளியிழை: பதிவு என்னுதுதான். தண்ணீர் பீக் 1383-ன்னு எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கு. நீங்க புத்தகத்தைவிடப் பெரியவரா?

கேபிள்செல்வம்: வீட்டுக்கு ஃபைபர் நெட் கொண்டு வர்ற ஜிபான்ல டவுன்லோட் 1490-ல இறங்குது, அப்லோட் 1310-ல ஏறுது. 1383 எங்க வந்துச்சு?

ஒளியிழை: ஒரே ஃபைபர்ல பல அலைநீளம் அனுப்புற சிடபிள்யூடிஎம்-ல 1391 சேனல் இருக்கே.

கேபிள்செல்வம்: வீட்டு நெட்டுன்னு ஆரம்பிச்சுட்டு இப்ப அங்க ஓடுறீங்க. 652டி ரக ஃபைபர்ல அந்தப் பீக்கையே அடக்கியாச்சு சார்.

மழைநாள்: அப்போ மழை பெஞ்சா என் ஏரியாவுல ஃபைபர்ல வர்ற ஒளி பவர் -19 டிபிஎம்-ல இருந்து -27-க்கு விழுதே, பேயா?

கேபிள்செல்வம்: கனெக்டரைப் பாரு தம்பி. முனையில ஈரமும் தூசியும் சேர்ந்து படிஞ்சிருக்கும். ஃபைபர்ல எங்க லாஸ்னு காட்டுற ஓடிடிஆர் கருவியில 1310, 1550 ரெண்டும் போடு. 1550-ல மட்டும் எகிறினா ஃபைபர் எங்கயோ மடங்கியிருக்கு. தண்ணி ஒண்ணும் பண்ணாதுன்னு நான் சொல்லவே இல்ல. குளோஷருக்குள்ள இருக்கற ட்ரேயில இறுக்கி வளைச்ச ஃபைபர்ல ஈரம் பட்டா கண்ணுக்குத் தெரியாத கீறல் மெல்ல வளரும், ஒருநாள் பட்டுனு ஒடியும். 1383 ஏறாது, லைனே போயிரும்.

கோர்12: ஹைட்ரஜனை மறந்துட்டீங்களேண்ணே. கேபிள்ல உள்ள உலோகம் ஈரத்துல அரிச்சா ஹைட்ரஜன் வரும். அது கண்ணாடிக்குள்ளயே ஊடுருவும். 1240-ல தெரியும், 1383-லயும் ஏத்தும்.

ஒளியிழை: பார்த்தீங்களா! 1383!

கேபிள்செல்வம்: ஹைட்ரஜன் வேற, தண்ணி வேற. நேத்து மழைக்கு இன்னைக்கு 1383 ஏறாது.

ஒளியிழை: தண்ணி இல்லாம அரிக்குமா?

கோர்12: அண்ணன் போன வருஷமும் இப்படித்தான், தண்ணி புகாம தடுக்குற ஜெல் இல்லாத கேபிள் ஆகவே ஆகாதுன்னு ஒத்தைக்கால்ல நின்னாரு.

கேபிள்செல்வம்: இப்பவும் நிக்கிறேன். அந்தக் கேபிள் டிரம்மை வாங்கி, கேபிள் முனையில கேப் (மூடி) போடாம மழையில விட்டது யாரு? உன் வாயாலயே சொல்லு.

கோர்12: அது கான்ட்ராக்டர் ஆளுங்க வேலை. என்னை ஏன் இழுக்குறீங்க?

கேபிள்செல்வம்: சைட்ல நின்னது நீதானே?

ஒளியிழை: பேச்சை மாத்தாதீங்க. 1383, ஆமாவா இல்லையா?

கேபிள்செல்வம்: இல்ல. மழைக்கு முன்ன ஒரு ட்ரேஸ் (ஓடிடிஆர் வரைபடம்), பின்ன ஒரு ட்ரேஸ், 1383-ல எடுத்துப் போடுங்க.

ஒளியிழை: என் ஓடிடிஆர்ல 1383 கிடையாது. உங்ககிட்ட இருக்கா?

கேபிள்செல்வம்: அளக்காமலே பதிவு போட்டது நீங்க. நான் எதுக்குக் காட்டணும்?

மழைநாள்: கனெக்டரைத் துடைச்சேன், -25. இன்னும் ஏறலையே?

ஒளியிழை: பார்த்தீங்களா, துடைச்சும் போகல.

கேபிள்செல்வம்: 1550 போட்டியா, இல்லையா?