மறு: 'ஹீட் பம்ப்' வெந்நீர்க் கருவிக்குத் தமிழ்ச் சொல் வேண்டும்

மடல் 1 (இழையைத் தொடங்கியவர், மொழிபெயர்ப்பாளர்)

வணக்கம் நண்பர்களே,

வெந்நீர்க் கருவி ஒன்றின் பயனர் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பழைய மின் கீசரைக் கழற்றிவிட்டு, மின்சாரம் குறைவாக இழுக்கும் 'ஹீட் பம்ப்' வகைக்கு மாறுகிற வீடுகளுக்கான கையேடு அது. முதல் வரியிலேயே கருவியின் பெயர் வருகிறது. மூன்று நாளாக அந்த வரியைத் தாண்ட முடியவில்லை.

கைவசம் இருக்கும் சொற்கள்: வெப்பப் பம்பு, வெப்ப எக்கி, வெப்ப ஏற்றி. பம்பி என்று எழுதுவோரும் உண்டு. ஒன்றும் மனசுக்கு ஒட்டவில்லை. பேசாமல் 'ஹீட் பம்ப்' என்றே போட்டுவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் இந்தப் பெயர் சரியாகப் புரியாததால் நானே ஒருமுறை நட்டப்பட்டிருக்கிறேன். அதைச் சொன்னால்தான் நான் எதைத் தேடுகிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

எங்கள் வீட்டில் இந்த வகைக் கருவியை மாடிப்படிக்கு அடியில் இருக்கும் சின்ன அறையில் வைத்தோம். பழைய கீசர் அங்கேதான் இருந்தது, குழாய் வசதியும் இருந்தது. பொருத்த வந்தவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. கதவைச் சாத்தியே வைத்திருந்தோம். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் மின் கட்டணம் குறையவே இல்லை. ஒரு நாள் எதையோ எடுக்க அந்த அறைக்குள் போனேன். உள்ளே குளிர்பெட்டியைத் திறந்ததுபோல் சில்லென்று இருந்தது. கருவியின் அடியில் தரை ஈரம். மேலே ஒரு சிறிய விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே துணைக்கு வைத்திருக்கும் பழைய பாணிச் சூடாக்கும் கம்பி வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம் அது.

பிறகுதான் புரிந்தது. இந்தக் கருவி வெப்பத்தை உண்டாக்குவதில்லை. சுற்றியுள்ள காற்றில் ஏற்கெனவே இருக்கும் வெப்பத்தை எடுத்துத் தண்ணீரில் சேர்க்கிறது. மூடிய அறையில் எடுக்க எடுக்கக் காற்று குளிர்ந்து, எடுப்பதற்கு ஒன்றும் மிஞ்சாமல் போயிருக்கிறது. காற்றோட்டத்துக்கு வழி செய்யாவிட்டால் அறை பொதுவாக 20 கன மீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பார்கள். எங்கள் அறை அதில் கால்வாசிகூட இல்லை.

ஆகவே எனக்கு வேண்டிய சொல், கேட்டவுடன் "வெப்பத்தை எங்கிருந்து எடுக்கிறது?" என்று கேட்கத் தூண்ட வேண்டும். அந்தக் கேள்வி அன்றைக்கு எனக்கு எழுந்திருந்தால் கருவியை அங்கே வைத்திருக்கவே மாட்டேன்.

மடல் 2 (இயற்பியல் ஆசிரியர்)

அம்மா, நல்ல இழை. சொல்லுக்கு முன்னால் பொருளைக் கொஞ்சம் பேசிக்கொள்வோம்.

100 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறக்குறைய மூன்றரை யூனிட் வெப்பம் வேண்டும். இதில் யாரும் சலுகை வாங்க முடியாது, தண்ணீரின் குணம் அது. மின் கம்பியால் சூடாக்கினால் அந்த மூன்றரை யூனிட்டும் மின்சாரத்திலிருந்தே வர வேண்டும். நீங்கள் சொல்லும் கருவி 3 மடங்கில் ஓடினால், அதாவது வாங்கும் மின்சாரத்தைப்போல் மூன்று பங்கு வெப்பம் தந்தால், மின்சாரம் 1.2 யூனிட் போதும். மீதி 2.3 யூனிட் காற்றிலிருந்து வருகிறது.

இது புதுச் சரக்கும் அல்ல. கெல்வின் பிரபு 1852-லேயே இந்தக் கருத்தை எழுதிவிட்டார். அடுத்த சில ஆண்டுகளில் ஆஸ்திரியாவில் பீட்டர் ரிட்டிங்கர் என்பவர் உப்பு காய்ச்சுவதற்கு இதே வழியில் ஒரு இயந்திரம் செய்தார். குளிர்பெட்டிக்குள் நடப்பதும் இதுவே. அங்கே பின்பக்கம் வெளியேறும் சூட்டை நாம் கண்டுகொள்வதில்லை. இங்கே அந்தச் சூடுதான் நமக்கு வேண்டியது.

வெப்பம் தானாக மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் போகும், சூடானதிலிருந்து குளிர்ந்ததற்கு. 25 டிகிரிக் காற்றிலிருந்து 55 டிகிரித் தண்ணீருக்குப் போக வேண்டுமென்றால் யாராவது தூக்கிவிட வேண்டும். மின்சாரம் அந்தத் தூக்குகூலி மட்டும்தான். சொல்லில் இந்தத் தூக்கல் தெரிய வேண்டும் என்பது என் எண்ணம். 'வெப்ப ஏற்றி' என்றால் என்ன குறை?

மடல் 3 (குளிர்சாதன மெக்கானிக்)

அக்கா, சார், இருவருக்கும் வணக்கம். நான் இந்த வேலையில் இருப்பவன். புத்தகத் தமிழ் எனக்குக் கொஞ்சம் தூரம், ஆனாலும் சொல்கிறேன்.

'பம்பு' வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். ஹீட் பம்ப் என்று சொன்னதும் பாதிப் பேர் என்னிடம் கேட்பது, "அப்ப தண்ணி வேகமா வருமா? மேல்தொட்டிக்கு ஏத்துற மோட்டாரை எடுத்துடலாமா?" என்றுதான். பம்பு என்றாலே தண்ணீர் தள்ளுவது என்று மனதில் பதிந்துவிட்டது.

'ஏற்றி'யும் எனக்குச் சரியாகப் படவில்லை சார். 'வெப்பம் ஏற்றுவது' என்றால் சூடுபடுத்துவது என்றுதான் கேட்பவர் எடுத்துக்கொள்வார். அதைத்தான் கீசரும் செய்கிறதே.

நாங்கள் விளக்கும்போது சொல்வது ஒன்றுதான்: "காத்துல இருக்கிற சூட்டை இறைச்சுத் தண்ணியில ஊத்துது." கிணறு தெரிந்தவர், தெரியாதவர் எல்லாருக்கும் அது உடனே பிடிபட்டுவிடுகிறது.

மடல் 4 (தொடங்கியவர்)

தம்பி, நான் மூன்று நாளாகத் தேடியதை ஒரே வரியில் கொடுத்துவிட்டீர்கள். இறைத்தல்! இதில் எடுக்கும் இடமும் இருக்கிறது, சேரும் இடமும் இருக்கிறது, கீழிருந்து மேலே கொண்டுவரும் உழைப்பும் இருக்கிறது. ஆசிரியர் ஐயா கேட்ட தூக்கலும் அதற்குள் வந்துவிடுகிறது. கிணற்றில் நீர் வற்றினால் இறைக்க முடியாது என்பது நமக்குத் தெரியும். எங்கள் மாடிப்படி அறை அப்படி வற்றிய கிணறுதான்.

'எக்கி' பற்றியும் சொல்லிவிடுகிறேன். அகராதிக்கு அது சரியாக இருக்கலாம். ஆனால் அன்றாடக் காதில் 'எக்கி' என்றால் கால்விரலை ஊன்றி எட்டுவது, அல்லது வயிற்றை உள்ளே இழுப்பது. "வெப்ப எக்கி" என்று படிக்கிறவர், எக்கி என்ன செய்தது என்று அடுத்த சொல்லுக்காகக் காத்திருப்பார்.

அப்படியானால் வெப்ப இறைப்பி. ஆவியாக்கி (காற்றிலிருந்து வெப்பத்தை வாங்கும் பாகம்), ஒடுக்கி (அதைத் தண்ணீருக்குக் கொடுக்கும் பாகம்) என்று கருவியின் பாகங்களுக்கு இருக்கும் பெயர்களோடும் வடிவம் ஒத்துப்போகிறது. 'இறைவை' என்ற பழைய சொல்லும் நீரிறைக்கும் கருவிக்கு இருக்கிறது, இறைவைப் பாசனம் என்கிறோமே. ஆனால் அது 'இறைவி'யோடு காதில் உரசுகிறது. என் கை 'இறைப்பி'க்கே.

மடல் 5 (இயற்பியல் ஆசிரியர்)

சொல் பிடித்திருக்கிறது. இரண்டு தடைகள் உண்டு. அவற்றையும் பார்த்துவிடுவோம்.

இறைத்தல் என்றால் சிதறடித்தல் என்றும் பொருள். 'காசை வாரி இறைத்தான்' என்கிறோம். மின்சாரத்தை மிச்சப்படுத்தும் கருவிக்கு வீணடிக்கும் சாயல் உள்ள பெயரா என்று யாராவது கேட்கலாம். என் பதில்: 'இறைப்பவர்க்கு ஊற்றுநீர்போல' என்று 1161-ஆம் குறளிலேயே இந்தப் பொருள் உறுதியாக நிற்கிறது. நீரோடும் ஊற்றோடும் சேர்ந்து வரும்போது குழப்பம் வராது.

இரண்டாவது தடை கொஞ்சம் கனமானது. 'வெப்ப இறைப்பி' என்பதை உரக்க, சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். நிலைமொழி அகரத்தில் முடிவதால் வகரம் வந்து உட்காரும். வெப்பவிறைப்பி! காதில் விழுவது 'விறைப்பி'. குளிரில் விறைத்துப்போவதுதான் நினைவுக்கு வரும். வெந்நீர் தருகிற கருவிக்கு இது நேர் எதிர். இடைவெளி விட்டு எழுதித் தப்பிக்கலாம், ஆனால் வாய் இடைவெளி விடாது.

மடல் 6 (தொடங்கியவர்)

ஐயா, உங்கள் மடலைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். உண்மைதான், இரண்டாம் முறை சொல்லும்போதே வகரம் வந்துவிடுகிறது. இதைக் கவனிக்காமல் அச்சுக்குக் கொடுத்திருப்பேன். நன்றி.

இறைப்பியை விட மனமில்லை. ஆகவே முன்சொல்லை மாற்றிப் பார்த்தேன். அனலிறைப்பி: ஓசை நன்றாக இருக்கிறது, ஆனால் அனல் என்றால் தீயின் அருகே போய்விடுகிறோம். இங்கே எடுப்பது சாதாரணக் காற்றின் இளஞ்சூடு. வெம்மையிறைப்பி: கவிதைக்கு ஆகும், கையேட்டுக்கு நீளம். அப்புறம்தான் தம்பியின் வாக்கியத்தைத் திரும்பப் படித்தேன். அவர் 'சூட்டை இறைச்சு' என்றுதான் எழுதியிருக்கிறார்.

சூடு + இறைப்பி = சூடிறைப்பி.

உகரம் தானாக விழுந்துவிடுகிறது. வகரமும் வேண்டாம், இடைவெளியும் வேண்டாம். நீரிறைப்பி என்று சொன்னால் எப்படி இருக்குமோ அப்படியே இருக்கிறது.

மடல் 7 (இயற்பியல் ஆசிரியர்)

வகுப்பறையில் வெப்பம், வெப்பநிலை என்று இரண்டையும் பிரித்துக் கற்றுக்கொடுக்க எவ்வளவு பாடுபடுகிறோம் என்று உங்களுக்குத் தெரியாது. 'சூடு' இரண்டுக்கும் பொதுவாகப் புழங்கும் சொல். அதனால் முதலில் தயங்கினேன். ஆனால் 'சூட்டை இறைக்கிறது' என்னும்போது அது அளவாக எடுத்துச் செல்லப்படும் ஒன்றாகவே நிற்கிறது, வெப்பநிலையை யாரும் இறைக்க முடியாது. வினைச்சொல்லே பொருளைத் திருத்திவிடுகிறது. ஏற்கிறேன்.

கையேட்டில் இன்னொரு இடம் உங்களுக்குச் சிக்கலாகும். இந்தக் கருவியின் தரத்தைச் சொல்லும் எண், மேலே நான் 3 மடங்கு என்றேனே, அதைச் 'செயல்திறன்' என்று எழுதிவிடாதீர்கள். திறன் நூற்றுக்கு நூறைத் தாண்டாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு, இங்கே முந்நூறு என்றால் ஏதோ ஏமாற்று வேலை என்று நினைப்பார்கள். கொடுத்த மின்சாரத்தைப்போல் எத்தனை மடங்கு சூடு கிடைத்தது என்பதுதான் அந்த எண். 'இறைப்பு மடங்கு' என்று எழுதலாமா?

25 டிகிரிக் காற்றுக்கும் 55 டிகிரித் தண்ணீருக்கும் இடையே இயற்கை விதி அனுமதிக்கும் உச்சம் கிட்டத்தட்ட 11 மடங்கு. நடைமுறையில் 3 அளவில்தான் கிடைக்கிறது. காற்றிலிருந்து சூடு உள்ளே வர ஆவியாக்கி காற்றைவிடக் குளிர்ந்திருக்க வேண்டும். தண்ணீருக்குள் சூடு போக ஒடுக்கி தண்ணீரைவிடச் சூடாக இருக்க வேண்டும். அதனால் உண்மையான ஏற்றம் 30 டிகிரிக்கு மேல் போய்விடுகிறது. கம்ப்ரசரின் இழப்பு வேறு. கிணறு ஆழமானால் கூலி கூடும் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். குளிர்காலத்தில் மடங்கு ஏன் குறைகிறது என்பதும் அதிலேயே விளங்கிவிடும்.

மடல் 8 (குளிர்சாதன மெக்கானிக்)

சூடிறைப்பி. நேற்று ஒரு வீட்டில் சொல்லிப் பார்த்தேன் அக்கா. அந்த அம்மா கேட்ட முதல் கேள்வி: "எங்கேருந்து இறைக்கும்?" உடனே வெளிச்சுவர்ப் பக்கம் கூட்டிக்கொண்டு போய் இடத்தைக் காட்டினேன்.

கையேட்டில் மறக்காமல் போடுங்கள். தண்ணீர் மெதுவாகத்தான் சூடாகும், கீசர்போல் போட்டவுடன் எதிர்பார்க்கக் கூடாது. தொட்டியைச் சுற்றியும் வெந்நீர்க் குழாய்மேலும் நல்ல உறை இருக்க வேண்டும். மின்சாரம் மிச்சமாகட்டும் என்று சிலர் 40 டிகிரியிலேயே நிறுத்திவைக்கிறார்கள், அதில் நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி பெருகும். தொட்டியை 60 டிகிரியில் வைத்து, குழாய்முனையில் குளிர்நீர் கலந்து பயன்படுத்துவதுதான் பாதுகாப்பு.

ஒரு சொல் எனக்கும் வேண்டும். ஆவியாக்கியில் காற்றின் ஈரம் படிந்து சொட்டும் தண்ணீர். உங்கள் வீட்டுத் தரையில் நின்றதும் அதுதான். தொட்டி ஓட்டையாகிவிட்டது என்று பயந்துபோய்க் கூப்பிடுகிறார்கள். 'ஒடுக்க நீர்' என்று ஒரு தாளில் பார்த்தேன், யாருக்கும் புரியவில்லை.

மடல் 9 (தொடங்கியவர்)

முதல் வரி முடிந்தது. இப்படி எழுதியிருக்கிறேன்:

"சூடிறைப்பி, சுற்றியுள்ள காற்றிலிருந்து சூட்டை இறைத்துத் தொட்டியிலுள்ள தண்ணீரில் சேர்க்கும் கருவி. இறைப்பதற்குக் காற்று வந்துகொண்டே இருக்கும் இடத்தில் இதைப் பொருத்துங்கள்."

இறைப்பு மடங்கையும் அப்படியே எடுத்துக்கொண்டேன் ஐயா. ஆழமான கிணறு நான்காம் பக்கத்தில் வருகிறது.

தம்பி, அந்தத் தண்ணீருக்கு 'வியர்வை நீர்' என்று வைக்கலாமா? குளிர்ந்த செம்பின் வெளிப்புறம் வியர்க்கிறது என்று சொல்வதுதானே. ஒடுக்கியில் வரும் நீர் என்று தவறாக எண்ணவும் வாய்ப்பில்லை. ஐயாவுக்குத் தடை இருந்தால் புது இழையில் எழுதுங்கள், வடிகுழாய்ப் பக்கத்தை அதுவரை நிறுத்திவைக்கிறேன்.