புதுச் சிவப்பு ரியாக்டிவ் சாயம், பக்கத்து வெள்ளையில் கறை ஏறுகிறது

சிவப்புநூல்:
எச் ஆசிட்டை (சாயம் செய்கிற ஒரு மூலப்பொருள்) வைத்துப் பருத்திக்காக வினைல் சல்போன் வகையில் (நூலோடு வேதிமுறையில் பிணைகிற ரியாக்டிவ் சாயங்களில் ஒன்று) ஒரு சிவப்புச் சாயம் தயாரித்திருக்கிறேன். பின்னல் துணியின் எடையில் 2 சதவீதம் சாயம், உப்பு, சோடா ஆஷ், 60 டிகிரியில் ஒரு மணி நேரம். பாத் (சாயத் தண்ணீர்) நன்றாக வெளிறிவிடுகிறது, துணியும் அருமையான நிறம். ஆனால் துவைப்புச் சோதனையில் கூடவே தைத்த வெள்ளைப் பருத்தி ரோஜா நிறமாகிவிடுகிறது, கிரே ஸ்கேலில் (1 மோசம், 5 கறையே இல்லை) 2-3தான். ஃபிக்சர் (சாயத்தைத் துணியில் பிடித்துவைக்கும் மருந்து) போட்டால் சரியாகுமா? மூன்று மாத வேலை, விட மனசில்லை.

பட்டறைக்காரர்:
தம்பி, இப்போதைக்கு ஃபிக்சர் வேண்டாம். போட்டால் நீங்கள் சோதிப்பது சாயத்தை இல்லை, ஃபிக்சரைத்தான். பாத் வெளிறியது என்றால் சாயம் துணிக்குள் போயிருக்கிறது, அவ்வளவுதான். பிணைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. காரத்தில் வினைல் சல்போன் செல்லுலோஸோடு சேருகிற மாதிரியே தண்ணீரோடும் சேரும், அப்படிக் கெட்டுப்போன சாயம் நூலில் சும்மா ஒட்டிக்கொண்டு நின்று முதல் துவைப்பிலேயே கிளம்பிவிடும். சோப்பிங் (பிணையாத சாயத்தை சோப்பு வெந்நீரில் அலசி எடுப்பது) எப்படிச் செய்தீர்கள்?

சிவப்புநூல்:
60 டிகிரியில் ஒரே முறை, பத்து நிமிடம்.

பட்டறைக்காரர்:
அங்கேதான் கோளாறு. முதலில் பச்சைத் தண்ணீரிலும் வெந்நீரிலும் அலசி உப்பை எடுங்கள், உப்பு இருக்கும்வரை ஒட்டிய சாயம் துணியை விடாது. அப்புறம் 95 டிகிரியில் இரண்டு சோப்பிங். முடிந்ததும் ஈரத் துணியை வெள்ளைத் துணிகளுக்கு நடுவே வைத்து சூடான இஸ்திரியால் அழுத்திப் பாருங்கள், கறை பட்டால் இன்னும் அலச வேண்டும். அலசிய தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். பாத்தையும் அதையும் ஸ்பெக்ட்ரோவில் (நிறத்தின் அடர்த்தியை அளக்கும் கருவி) அளந்தால் போட்ட சாயத்தில் எவ்வளவு உண்மையில் நின்றது என்று தெரியும்.

நீலாம்பரி:
அண்ணன் சொன்னதைச் செய்தும் ஃபிக்சேஷன் (நூலோடு பிணைந்த சாயத்தின் அளவு) குறைவாக வந்தால் மூலக்கூறையே பாருங்கள். எச் ஆசிட்டின் அமினோ பக்கம் சும்மா இருக்கிறதா? சயனூரிக் குளோரைடை (டிரையசின் வளையம் கொண்ட வேதிப்பொருள்) அங்கே ஏற்றினால் சாயத்துக்கு நூலைப் பிடிக்க இரண்டாவது கை கிடைக்கும், ஒன்று தண்ணீரோடு போனாலும் மற்றது நூலைப் பிடிக்கும். 1956-ல் ஐசிஐ (பிரிட்டிஷ் ரசாயன நிறுவனம்) விற்ற, பருத்திக்கான முதல் ரியாக்டிவ் சாயங்களே டிரையசின் வகைதான். இன்னொன்று, கப்ளிங்கில் (சாயத்தின் இரண்டு பாதிகளை இணைக்கும் கட்டம்) பிஎச் ஏறிக் காரமாகிவிட்டால் சாயம் பாத்துக்கு வருவதற்குள்ளேயே பாதி கெட்டிருக்கும்.

சிவப்புநூல்:
இரண்டு சோப்பிங் செய்தேன், கறை 4-க்கு வந்துவிட்டது, இஸ்திரித் துணியும் வெள்ளையாகவே இருந்தது. ஆனால் துணியின் நிறம் கண்ணுக்குத் தெரிகிற அளவு இறங்கிவிட்டது; அளந்தால் போட்டதில் 58 சதவீதம்தான் நின்றிருக்கிறது. அக்கா சொன்ன டிரையசினை நாளைக்கே ஐஸில் ஆரம்பிக்கிறேன்.